இருபதாயிரத்துக்குள் வீட்டுக்கு ஒரு புரொஜெக்டர்: முதலில் டேப்பை எடுங்கள்

மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாடியில் புதிதாக எடுத்த அறை, 14 அடிக்கு 10 அடி. கிழக்கு மேற்காக நீளம், மேற்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு ஜன்னல், நட்டநடுவில் ஃபேன். கிழக்குச் சுவரில் படம் விழ வேண்டும், மேற்குச் சுவர் ஓரமாகக் கட்டில் என்பது அவர் திட்டம். இரவில் படம், சாயங்காலம் ஐபிஎல், லீவு நாளில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். கையில் இருபதாயிரம் இருக்கிறது, பரணில் அப்பா காலத்து அசெம்பிள் செட் ஒன்று ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாகச் சும்மா கிடக்கிறது. "அண்ணே, ஆன்லைனில் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு 12,000 லூமன்ஸ், 4கே என்று ஒன்று பார்த்தேன். அதை வாங்கிக்கொண்டு மீதிக் காசில் சவுண்ட்பார் எடுக்கலாமா, இல்லை இ.எம்.ஐ. போட்டு ஒரேயடியாக நாற்பதாயிரத்துக்குப் போய்விடலாமா?" என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம் தம்பி. பன்னிரண்டில் இருந்து பதினைந்தாயிரத்துக்குள் ஒன்றை எடுங்கள், சவுண்ட்பார் வாங்காதீர்கள், படம் விழும் சுவரை மாற்றுங்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம், அதற்குக் காசும் ஆகாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 12,000 லூமன்ஸ். லூமன்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் இதில் உள்ள வில்லங்கம். உள்ளே இருக்கிற எல்.இ.டி. மட்டும் தனியாக எவ்வளவு வெளிச்சம் தரும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு வாட்டுக்குச் சுமார் நூறு லூமன்ஸ் என்று வைத்தால் நூறு வாட் எல்.இ.டி.க்குப் பத்தாயிரம் என்று அட்டையில் அடித்துவிடலாம். ஆனால் அந்த வெளிச்சம் சுவருக்கு அப்படியே வருவதில்லை. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே ஒரு எல்.சி.டி. பேனல் (படத்தை உருவாக்கும் தகடு) வைத்தவை. அந்தப் பேனலின் முன்னும் பின்னும் போலரைசர் தாள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) இருக்கும், முதல் தாளிலேயே பாதி வெளிச்சம் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ண வடிகட்டி இருப்பதால் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி. பேனலில் ஓடும் கம்பிகள் மறைப்பது, லென்ஸில் இழப்பது, கண்ணாடியில் பட்டுத் திரும்புவதில் இழப்பது என்று எல்லாம் போக, சுவரில் விழுவது முந்நூறோ நானூறோ ஐந்நூறோதான். போன வெளிச்சமெல்லாம் உள்ளேயே சூடாக மாறுகிறது, அதற்குத்தான் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஃபேன் அப்படி இரைகிறது.

சுவரில் விழுவதை அளக்கிற அளவுக்குப் பேர் ஆன்சி லூமன்ஸ். வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரி எடுத்துத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். சில பெரிய கம்பெனிகள் இப்போது ஐ.எஸ்.ஓ. லூமன்ஸ் என்று போடுகின்றன, அதையும் நம்பலாம். வெறும் 'லூமன்ஸ்' என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிட்டுப் புரொஜெக்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று பாருங்கள், ஆன்லைனில் என்றால் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். ஒரு பேனல் எல்.சி.டி. வகையில் தோராயமாக ஒரு வாட்டுக்கு மூன்றில் இருந்து ஐந்து ஆன்சி லூமன்ஸ் தேறும். நீங்கள் பார்த்த அந்த 12,000 லூமன்ஸ்காரருக்கு அடியில் 50 வாட் என்று போட்டிருந்தால் கதை 200 ஆன்சி லூமன்ஸுக்குப் பக்கத்தில் முடிந்தது. வாட் மட்டும் சுலபத்தில் பொய் சொல்லாது, ஏனென்றால் அடாப்டர் அதைத் தாங்க வேண்டும்.

சரி, எவ்வளவுதான் வேண்டும்? இதற்கு ஊகம் எதற்கு, கணக்கே இருக்கிறது. சினிமா தியேட்டர் திரைக்கு 16 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆன்சி லூமன்ஸைத் திரையின் சதுர அடியால் வகுத்தால் வருவதுதான் அது (சாதாரண வெள்ளைத் திரைக்கு). மூலைக்கு மூலை 100 அங்குலத் திரை என்றால் அகலம் கிட்டத்தட்ட ஏழே கால் அடி, உயரம் நாலு அடிக்கு ஒரு அங்குலம் கூட, ஆகப் பரப்பு முப்பது சதுர அடி. 400 ஆன்சி லூமன்ஸை முப்பதால் வகுத்தால் 13 வருகிறது. தியேட்டரைவிடக் கொஞ்சம் மங்கல், ஆனால் நல்ல இருட்டில் உட்கார்ந்து பார்க்கக் குறையில்லை. அதே 400 லூமன்ஸை 88 அங்குலத்துக்குச் சுருக்கினால் பரப்பு 23 சதுர அடி ஆகிறது, 17 வருகிறது, தியேட்டர் அளவைத் தாண்டிவிட்டோம். அதாவது படத்தைப் பெரிதாக்க ஆக்க வெளிச்சம் நீர்த்துப்போகும். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைத் தங்கம் தியேட்டரைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, நம்ம பக்கம் யாரும் 'எவ்வளவு பளிச்சென்று தெரியும்' என்று கேட்பதில்லை, 'எத்தனை இஞ்ச் வரும்' என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனிக்காரனுக்கும் அது தெரியும், அதனால்தான் அட்டையில் 200 அங்குலம் என்று எழுதுகிறான். வரும், ஆனால் ஒன்றும் தெரியாது.

இப்போது உங்கள் சுவருக்கு வருவோம். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் த்ரோ ரேஷியோ என்று ஒன்று உண்டு: சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண். பட்ஜெட் வகையில் இது பெரும்பாலும் 1.2, 1.25, 1.35 என்ற மாதிரி இருக்கும், லென்ஸில் ஜூம் கிடையாது. 1.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டப்படி மேற்குச் சுவரில் செல்ஃப் அடித்து அதில் வைத்தால் லென்ஸில் இருந்து கிழக்குச் சுவர் 13 அடி. 13-ஐ 1.25-ஆல் வகுத்தால் படத்தின் அகலம் 10.4 அடி. சுவரே பத்து அடிதானே தம்பி! படம் இரண்டு பக்கமும் வழிந்து பக்கத்துச் சுவரில் ஏறும், வெளிச்சமும் அறுபது சதுர அடிக்கு மேல் பரவி 400 லூமன்ஸ் ஆறரைக்கு இறங்கிவிடும். 'ஜூம் இருக்கிறது என்று போட்டிருக்கிறதே' என்பீர்கள். அது டிஜிட்டல் ஜூம். படத்தைச் சுருக்குவதாகச் சொல்லி, பேனலின் ஓரங்களைக் கறுப்பாக்கி நடுப்பகுதியில் மட்டும் படம் காட்டும். அதனால் புள்ளிகளும் போச்சு, அந்த ஓரத்து வெளிச்சமும் போச்சு, கறுப்பாக்கிய ஓரம் சாம்பல் நிறப் பட்டையாகச் சுவரில் அப்படியே தெரியும்.

அளவு சரியாக வர வேண்டும் என்றால் சுவரில் இருந்து எட்டு ஒன்பது அடியில் வைக்க வேண்டும். கிழக்குச் சுவரில் இருந்து எட்டு ஒன்பது அடி என்றால் அறையின் நடுவைத் தாண்டிக் கொஞ்சம், ஃபேன் இறக்கையை ஒட்டி வருகிற இடம். சீலிங்கில் மாட்டினால் ஒளி இறக்கைக்குள் புகுந்து வரும், கதாநாயகன் முகத்தில் பட்டை பட்டையாக நிழல் சுற்றும். ஸ்டூலில் வைத்தால் யார் எழுந்து போனாலும் தலை நிழல், பிள்ளைகள் வயரில் தடுக்கும்.

அதனால் படத்தை வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள். அது 14 அடிச் சுவர், ஜன்னல் இல்லாதது. எதிரே தெற்குச் சுவரில், ஜன்னலுக்கு மேலே ஏழடி உயரத்தில் ஒரு செல்ஃப். இரண்டு சுவருக்கும் இடையே பத்தடி. செல்ஃபின் ஆழம், புரொஜெக்டரின் நீளம், பின்னால் காற்று போக விடும் அரை அடி எல்லாம் கழித்தால் லென்ஸில் இருந்து சுவருக்கு எட்டு, எட்டரை அடி. எட்டு அடிக்கு 1.25-ஆல் வகுத்தால் 6.4 அடி அகலம், அதுதான் மேலே சொன்ன 88 அங்குலம். பார்க்கிறவர்கள் தெற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் ஏழரை எட்டு அடி தூரம், அந்த அளவுத் திரைக்கு நல்ல தூரம். ஃபேன் பத்தடி ரூஃபில் இருந்து தொங்கினாலும் இறக்கை எட்டரை அடிக்கு மேலே இருக்கும், ஒளி அதற்குக் கீழே போய்விடும். தெற்கு ஜன்னல் பின்னால் வருவதால் அந்த வெளிச்சம் நேரே திரையில் அடிக்கும், அதை முக்கியமாக அடைக்க வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன். ஆணி அடிக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்: வாங்கப் போகும் மாடலின் த்ரோ ரேஷியோவைத் தேடிப் பிடித்து, டேப் வைத்து இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டு, சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏழடி உயரத்தில் இருந்து கீழ்நோக்கிச் சாய்த்தால் படம் மேலே ஒரு அகலம் கீழே ஒரு அகலமாக விழும். அதைச் சரிசெய்யக் கீஸ்டோன் வசதி எல்லாவற்றிலும் உண்டு, ஆட்டோ கீஸ்டோன் என்று பெரிய விளம்பரம் வேறு. அதுவும் டிஜிட்டல் ஜூம் மாதிரிதான், புள்ளிகளைத் தின்றுதான் நேராக்கும். கொஞ்சம் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதிகம் போட்டால் சப்டைட்டில் எழுத்து பிசிறடிக்கும். ஆகச் செல்ஃபை எவ்வளவு முடியுமோ திரையின் மேல் விளிம்பு உயரத்துக்கு நெருக்கமாக வையுங்கள், பக்கவாட்டில் நடு தப்பாமல் வையுங்கள். பக்கவாட்டுச் சாய்வுக்குக் கீஸ்டோன் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

4கே விஷயத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். '4கே சப்போர்ட்' என்றால் 4கே சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்று பொருள், 4கே-யாகக் காட்டும் என்று பொருள் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது 'நேட்டிவ் ரெசொல்யூஷன்', அதாவது பேனலில் நிஜமாகவே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, அந்த இடத்தில் 1920×1080 என்று இருக்க வேண்டும். 1280×720 என்றால் 88 அங்குலத்தில் எட்டடித் தூரத்துக்குப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும், 854×480 என்றால் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) என்று போட்டிருப்பதையும் இந்த விலையில் கண்டுகொள்ளாதீர்கள், அந்த வெளிச்சம் இவற்றிடம் கிடையாது.

அடுத்து சூடும் தூசியும். நம்ம ஊருக்கு இதுதான் நிஜமான பரீட்சை. சித்திரை வைகாசியில் மதுரைப் பக்கம் நாற்பது டிகிரி அடிக்கிறது, அதுவும் உங்களுடையது மொட்டை மாடிக் கான்கிரீட்டுக்குக் கீழே உள்ள அறை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ரூஃப் ராத்திரி பத்து மணி வரைக்கும் விட்டுக்கொண்டிருக்கும். பல புரொஜெக்டர்களின் கையேட்டில் அறை வெப்பம் 35 டிகிரி வரை, போனால் 40 வரை என்றுதான் இருக்கும். சூடு தாங்காமல் போலரைசர் தாள் கருகினால் படத்தில் ஓரிடத்தில் மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு திட்டு வரும், அது துடைத்தால் போகாது. அதனால் செல்ஃபை நாலு பக்கமும் மூடிய பெட்டியாக அடிக்க வேண்டாம். ஆசாரி அழகுக்காகக் கதவு போட்டுத் தருகிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். மே மாதத்தில் எட்டு மணிக்கு மேல் படம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓடவிட்டு அறையை முதலில் ஆற்றிக்கொள்ளுங்கள்.

தூசிக்கு ஒரே வழி 'சீல்டு ஆப்டிகல் எஞ்சின்' என்று போட்டிருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குவது. லென்ஸ், பேனல் இருக்கிற பகுதியைத் தூசி புகாமல் அடைத்து, சூட்டை வெளிப்பக்கமாக எடுத்துப் போகிற அமைப்பு அது. சீல் இல்லாத மலிவு மாடலில் குளிரூட்டும் காற்று நேராகப் பேனல் மேலேயே அடிக்கும், காற்றோடு தூசியும் போய் உட்காரும், இருட்டுக் காட்சியில் வானத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி திட்டுகள் மிதக்கும். அதைக் கழற்றித் துடைக்கலாம்தான், ஆனால் திரும்பப் பூட்டும்போது இன்னும் நாலு தூசி உள்ளே போகும். இதில் யாரும் எழுதாத ஒன்று: வெள்ளிக்கிழமை சாம்பிராணி. புகை போடும்போது அந்த அறைக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று படியும், படமே புகை மூட்டமாகத் தெரியும். லென்ஸ் மூடி கொடுத்திருந்தால் தொலைக்காமல் போடுங்கள்.

டி.எல்.பி. பற்றிக் கேட்பீர்கள். லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் ஒரு சிப்பில் அசைந்து படம் காட்டுகிற முறை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்தது, இன்றைக்குத் தியேட்டர்களில் ஓடும் டிஜிட்டல் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கறுப்பு நன்றாக இருக்கும், தூசித் தொல்லை குறைவு, பெட்டி சிறியது. ஆனால் உங்கள் காசுக்குப் புதிதாகக் கிடைக்கும் டி.எல்.பி. எல்லாம் உள்ளங்கை அளவு மாடல்கள், ரெசொல்யூஷனும் குறைவு வெளிச்சமும் குறைவு. அதனால் இந்தத் தடவை ஒரு பேனல் எல்.சி.டி.தான் உங்களுக்கு. எப்சன் போன்றவர்கள் செய்யும் 3எல்.சி.டி. வேறு, அதில் மூன்று நிறத்துக்கும் தனித்தனிப் பேனல், வெளிச்சம் வீணாவது குறைவு, விலை வேறு தளம்.

இருட்டு. 400 லூமன்ஸ் புரொஜெக்டருக்குப் போட்டி யார் தெரியுமா, உங்கள் வீட்டு டியூப்லைட். 20 வாட் எல்.இ.டி. டியூப் சுமார் 2,000 லூமன்ஸ் தரும், அதை எரியவிட்டுவிட்டு 'படம் வெளிறுகிறது அண்ணே' என்றால் எந்தக் கம்பெனியும் ஒன்றும் செய்ய முடியாது. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது, வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு, ஆகச் சுவர் எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் உங்கள் கறுப்பு. இரண்டு ஜன்னலுக்கும் கனமான இருட்டுத் துணி போடுங்கள். பிளாக்அவுட் துணி என்றே கேளுங்கள், விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக் கடைகளில் விசாரித்தால் மீட்டர் கணக்கில் வாங்கலாம், வீட்டுப் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஜன்னல் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் அரை அடி அகலம் கூட வையுங்கள், வெளிச்சம் ஓரமாகத்தான் வரும். மேற்கு ஜன்னலுக்கு இரட்டைத் துணி. சாயங்காலம் நாலு மணி வெயிலைச் சாதாரணத் துணி தாங்காது. பகலில் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றால் இந்தத் துணியெல்லாம் போட்டும் சுமாராகத்தான் தெரியும், மாலை ஏழரை மணி ஐபிஎல் ஆட்டத்துக்குப் பிரச்சினை இல்லை.

திரை வாங்க அவசரப்பட வேண்டாம். புதுச் சுவர்தானே, பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து, வடக்குச் சுவரில் படம் விழும் இடத்துக்கு மட்டும் மினுமினுப்பு இல்லாத மேட் வெள்ளை எமல்ஷன் அடியுங்கள். சுற்றி நாலு அங்குலத்துக்குக் கறுப்பு பார்டர். அந்த பார்டர் வந்த பிறகு அதே படம் இன்னும் துல்லியமாகத் தெரிவதாகக் கண் நம்பும், அது என்னவோ அப்படித்தான். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் என்றால் மேடு பள்ளம் நிழலாக விழும், அதற்குத்தான் திரை வேண்டும். ஃபிளெக்ஸ் போர்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது, கல்யாண ஃபிளெக்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிக் கட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தத் தாளில் பளபளப்பு இருப்பதால் நடுவில் மட்டும் வெளிச்சம் கொட்டிய மாதிரி ஒரு வட்டம் தெரியும், மடிப்பும் போகாது. மொட்டை மாடியில் சொந்தக்காரர்களை உட்காரவைத்து ஒருநாள் படம் போட என்றால் பரவாயில்லை. அப்படிப் போடும்போது தெருவிளக்கு நேரே அடிக்காத பக்கமாகப் பாருங்கள், மழை பெய்த மறுநாள் வேண்டாம், ஈசல் எல்லாம் திரைக்கு வந்து நடிக்கும்.

உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது, எல்லா ஆப்பும் ஓடும் என்று விற்பார்கள். ஓடும், ஆனால் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரி ஆப்கள் தாங்கள் அங்கீகரித்த கருவியில்தான் எச்.டி. கொடுக்கும். அதற்கு வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று தேவை, மலிவு மாடல்கள் பலவற்றில் எல்3-தான் இருக்கும், ஆகப் படம் 480-க்கு இறங்கிவிடும். நீங்கள் 1080 பேனலுக்குக் காசு கொடுத்துவிட்டு 480 பார்ப்பீர்கள், காரணமும் தெரியாது. தீர்வு சாதாரணம்: நாலைந்தாயிரத்துக்கு ஒரு ஃபயர் டிவி ஸ்டிக்கோ கூகுள் டிவி டாங்கிளோ வாங்கி எச்.டி.எம்.ஐ.யில் செருகுங்கள். அதற்குக் கரண்ட்டை அதனுடன் வரும் அடாப்டரில் கொடுங்கள், புரொஜெக்டரின் யூ.எஸ்.பி.யில் கொடுத்தால் சிலது பாதிப் படத்தில் அணைந்து எரியும். புரொஜெக்டர் வாங்கும்போது உள்ளே ஆண்ட்ராய்டு இல்லாத மாடல் ஆயிரம் ரெண்டாயிரம் குறைவாகக் கிடைத்தால் அதையே எடுக்கலாம். இரண்டு எச்.டி.எம்.ஐ. இருந்தால் இன்னும் நல்லது, கேபிள் செட்டாப் பாக்ஸை ஒன்றில் போட்டுவிடலாம்.

சவுண்ட்பார் வேண்டாம் என்றேனே, அது பரணில் கிடக்கிற அசெம்பிள் செட்டுக்காகத்தான். புரொஜெக்டரின் உள்ளே இருப்பது மூன்று அல்லது ஐந்து வாட் ஸ்பீக்கர், ஃபேன் இரைச்சலுக்கே சரியாகப் போகும். அதன் 3.5 எம்.எம். ஆடியோ ஓட்டையில் இருந்து ஒரு ஆர்.சி.ஏ. வயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் (AUX) என்று எழுதியிருக்கும் ஓட்டையில் கொடுங்கள். அந்தக் காலத்து மரப்பெட்டி ஸ்பீக்கரில் வருகிற பாஸ் இன்றைக்கு எட்டாயிரம் ரூபாய்ச் சவுண்ட்பாரில் வராது. கோன் ஓரத்து ரப்பரோ நுரையோ பொடிந்திருந்தால் மாற்றிக் கொடுக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்பீக்கரைத் திரைக்கு இரண்டு பக்கமும் வையுங்கள், புரொஜெக்டர் பக்கத்தில் அல்ல. அதற்கு வடக்குச் சுவர் வரை வயர் இழுக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போதே பைப்பும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். புளூடூத்தில் விடாதீர்கள், உதடு அசைந்து அரை நொடி கழித்து வசனம் வந்தால் நகைச்சுவைக் காட்சி தவிர வேறெதையும் ரசிக்க முடியாது.

கரண்ட் விஷயத்தில் எல்.இ.டி. வகைக்குப் பெரிய பயம் இல்லை. பழைய லாம்ப் புரொஜெக்டர்களில்தான் திடீரென்று கரண்ட் போனால் ஃபேன் நின்று சூடான விளக்கு அப்படியே வேகும். உங்களுடையது நூறு வாட்டுக்குப் பக்கம்தான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் லைனிலேயே கொடுத்துவிடலாம்.

பொருள் வந்ததும் முதல் நாளே பார்க்க வேண்டியது சில இருக்கிறது, ரிட்டர்ன் தேதி ஓடிக்கொண்டிருக்கும். இருட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு ஃபோகஸ் பாருங்கள். மலிவு லென்ஸ் சூடானதும் ஃபோகஸ் நகரும், ஆரம்பத்தில் பளிச்சென்று இருந்தது பாதியில் மங்கும், சற்று திருப்பினால் சரியாகிவிட்டால் விட்டுவிடலாம். எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைப் போட்டு நடுவும் நாலு மூலையும் ஒன்றாகத் தெளிகிறதா என்று பாருங்கள், மூலை கொஞ்சம் பிசிறுவது இந்த விலையில் சகஜம், படிக்கவே முடியவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். முழுக் கறுப்பைப் போட்டுத் தூசிப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஆசைக்கு ஒன்று: முழு வெள்ளையைப் போட்டு, போனில் லக்ஸ் மீட்டர் (ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன்ஸ் விழுகிறது என்று அளப்பது) ஆப் ஒன்றை இறக்கி, போனின் முன்பக்க சென்சார் லென்ஸைப் பார்க்கிற மாதிரி சுவரோடு சேர்த்துப் பிடித்து ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். 88 அங்குலப் படத்தின் பரப்பு 2.14 சதுர மீட்டர். சராசரி 180 லக்ஸ் வந்தால் 180-ஐ 2.14-ஆல் பெருக்கி 385 ஆன்சி லூமன்ஸ். போன் சென்சார் துல்லியம் கிடையாது, இருந்தாலும் நானூறு என்று விற்றது நூற்றைம்பதா முந்நூற்றைம்பதா என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டவுன் ஹால் ரோடு பக்கமோ ஆன்லைனிலோ பழைய ஆபீஸ் புரொஜெக்டர் பத்தாயிரத்துக்கு வரும், 3,000 லூமன்ஸ், பெரிய கம்பெனிப் பேர், ஆசையாக இருக்கும். பெரும்பாலும் 1024×768, பழைய டிவி மாதிரி 4:3 வடிவத் திரைக்குச் செய்தது. இப்போதைய படங்கள் அகலத் திரையில் வருவதால் மேலும் கீழுமாகப் பேனலில் கால் பங்காவது சும்மா கிடக்கும். மெனுவில் லாம்ப் ஹவர்ஸ் என்று இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். நாலாயிரம் ஐயாயிரம் மணி நேரம் ஓடியிருந்தால் அடுத்த செலவு லாம்ப், அதன் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே நிலையாக மின்னினால் அது டி.எல்.பி. சிப்பில் கண்ணாடி செத்த அடையாளம், விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக அந்த நாற்பதாயிரம். அதையும் தாண்டிப் போனால் எப்சனின் சி.ஓ.-எஃப்.எச்.02 மாதிரி 3எல்.சி.டி., 1080, 3,000 லூமன்ஸ் வகை வரும். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு புரொஜெக்டருக்கு ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 சதவீதமாக இறங்கியதால் அந்தப் பக்கமும் விலை கொஞ்சம் சரிந்திருக்கிறது. ஹாலில் லைட் எரிய, வந்தவர் போனவரோடு பார்க்கிற வீட்டுக்கு அதுதான் சரி. உங்களுடையது இருட்டாக்கக்கூடிய சின்ன அறை, அங்கே 3,000 லூமன்ஸ் கண்ணைக் குத்தும், கறுப்பு சாம்பலாகும், எட்டு அடியில் அந்த வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. ஒருவேளை வீட்டில் பகல் முழுக்கச் சீரியலும் கார்ட்டூனும்தான் ஓடும், படம் மாதத்துக்கு ஒன்று என்றால் புரொஜெக்டரே வேண்டாம், அந்த இருபதாயிரத்துக்கு 43 அங்குல டிவி ஒன்றை மாட்டுங்கள்.

இல்லை, புரொஜெக்டர்தான் என்றால் கணக்கு இப்படி: புரொஜெக்டர் பதின்மூன்று, ஸ்டிக் நாலரை, துணி, பெயிண்ட், செல்ஃப், வயர் எல்லாம் சேர்த்து மீதி இரண்டரை. வடக்குச் சுவரில் கோடு போட்டு, ஃபேன் இறக்கை தரையில் இருந்து எத்தனை அடி என்பதையும் அளந்து எழுதுங்கள், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று மாடல் பேரோடு. எது அந்தச் செல்ஃபில் உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.